மூக்குச் சான்றிதழ்

அந்த ஒர்க் ஷாப்பின் வாசலில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மூக்குக்காரர் கடை என்று கேட்டால்தான் ஆட்களுக்கு வழி தெரியும். பெட்ரோல் எங்கே கசிகிறது, ஆயில் எங்கே கருகுகிறது, ஒயர் எங்கே தீய்கிறது என்பதையெல்லாம் பானெட்டைத் திறந்து இரண்டு இழுப்பு இழுத்தே சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அதில் பாதி உண்மை, மீதி வாடிக்கையாளர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. பெட்ரோல் சம்பந்தப்பட்ட எந்த வேலையை முடித்தாலும், வண்டிக்காரர் எதிரிலேயே கண்ணை மூடிக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "சுத்தம். எடுத்துட்டுப் போங்க" என்பார். இதற்கு மூக்குச் சான்றிதழ் என்று பெயர். அது கிடைக்காமல் சாவியை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றவர்களும் உண்டு.

அந்த மூக்கு செத்து ஒரு வருடம் ஆகிறது.

போன வருடம் பத்து நாள் படுக்கையில் போட்ட காய்ச்சல், போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று வரும், நாளை வரும் என்று அவரும் பார்த்தார். பெட்ரோல் டப்பாவைத் திறந்து யாருக்கும் தெரியாமல் முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம்கூட. தொண்டை போன பாட்டுக்காரன் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவான்? கட்டின மனைவிக்கும் தெரியாது. சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்தே காலம் தள்ளிய மனுஷர், இப்போது எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். காய்ச்சலோடு ஆள் திருந்திவிட்டார் என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

தொழில் என்னவோ ஓடியது. கண் இருக்கிறது, காது இருக்கிறது, முப்பது வருட அனுபவம் இருக்கிறது. போதாததற்கு மச்சினன் வேறு கூடவே வேலை பார்த்தான். மனைவியின் தம்பி, ஸ்கேனரும் கையுமாகத் திரிகிறவன். போன மாதம் கசிவு கண்டுபிடிக்கிற புகை மெஷின் ஒன்றைப் பழைய சாமான் விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். மூக்குக்காரர் அதற்குக் கொசு மருந்து வண்டி என்று பெயர் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிண்டலடித்தார். சான்றிதழ் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடுவதும் குனிவதும் "சுத்தம்" என்பதும் முன்பைவிடக் கொஞ்சம் பிரமாதமாகவே நடந்தது.

அன்று காலை வந்தது அவருடைய மாப்பிள்ளையின் கார். தங்கையின் புருஷன். சொந்தமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்.

"மச்சான், மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியுது. நேத்துலேர்ந்து அணையவே மாட்டேங்குது."

மச்சினன் ஸ்கேனரை மாட்டினான். "பெட்ரோல் ஆவி போற லைன்ல எங்கயோ சின்னக் கசிவு" என்றான். பிறகு மாப்பிள்ளையிடம், "டேங்க்க எப்பவும் ஃபுல்லாவே வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டான்.

"காலியா இருந்தா எனக்குத் தூக்கம் வராதுப்பா. நம்ம பங்க்க ரிப்பேருக்கு மூடிட்டான். அதனால இந்த வாரம்தான் பாதிக்கு எறங்கிடுச்சு."

"அதான் விஷயம். ரொம்பின டேங்க்ல கம்ப்யூட்டர் இந்தக் கசிவைச் சோதிக்காது. பாதியா இருந்தாத்தான் சோதிக்கும். கசிவு எத்தன நாளா இருக்கோ, யாருக்குத் தெரியும்."

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். மூக்குக்காரர்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தவர் பின் சீட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார். ஏனென்றால் எத்தனை நாளாக என்று அவருக்குச் சொல்லிய ஒருத்தி இருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் இதே வண்டிக்கு இதே கையால் பெட்ரோல் பம்ப் மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பின்னாடி உக்காந்தா பெட்ரோல் வாடை அடிக்குது. டேங்க் ரொப்பின அன்னிக்கும், வண்டி வெயில்ல நின்ன அன்னிக்கும்தான். தலைய வலிக்குது, குமட்டிக்கிட்டு வருது." அதைவிடத் துல்லியமாக ஒரு மெக்கானிக்கால்கூடச் சொல்ல முடியாது. ஆனால் வண்டியில் அவளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை பகல் முழுக்கத் தின்னர் வாடையில் நிற்கிறவர், ஓட்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். அவள் மாமியாருக்கு மூட்டுவலி. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து, முழங்காலிலிருந்து நெற்றி வரை தைலம் பூசிக்கொண்டு வருவார். அந்த வண்டியில் ஏறின கொசுவுக்கே மூட்டுவலி விட்டுப்போயிருக்கும். பின் சீட்டில், டேங்குக்கு நேர் மேலே, அவள் மட்டும்.

தங்கை இனி வண்டியில் ஏற முடியாது என்றாள். ஆஸ்பத்திரிக்குத் துணை வராமல் இருக்க அவள் கண்டுபிடித்த சாக்கு என்று மாமியார் முடிவு செய்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கடைசியில் மாப்பிள்ளை ஒரு நியாயமான வழி சொன்னார்: "ஒன் அண்ணன் மூக்கு சொல்லட்டும். அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

கொண்டுவந்தார்கள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, மூக்குக்காரர் பின் சீட்டில் குனிந்து கண்ணை மூடினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டியை விட்டுவிட்டுப் போங்க, பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "சுத்தம்" என்றார். அன்று இரவு தங்கை மறுபடி போனில் கூப்பிட்டு, தணிந்த குரலில், "அண்ணே, நிஜமாவே ஒண்ணும் இல்லையா? எனக்கு மட்டும் சொல்லு" என்று கேட்டாள். அம்மா மேல சத்தியமா இல்லை என்றார்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் பெட்ரோல் மகாராணி ஆனாள். விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிற கதை ஆனாள். பிறகு அக்கறையாக ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அண்ணன் சொன்ன பிறகு அவளும் அடம்பிடிக்கவில்லை.

இவ்வளவும் மனதில் ஓட, மூக்குக்காரர் வேலையை ஆரம்பித்தார். வேறு எங்காவது இருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

டேங்க்கில் கிளம்புகிற பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் ஒரு கரிப்பெட்டியில் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரித்துவிட வேண்டும் என்பது கார் செய்தவன் ஏற்பாடு. வழி நெடுக மூடி, குழாய், வால்வு, ரப்பர் எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். குண்டூசி நுழைகிற ஓட்டை போதும், விளக்கு எரிந்துவிடும். முதலில் டேங்க் மூடியைப் பார்த்தார். அதன் ரப்பர் நன்றாக இருந்தது. எஞ்சின் பக்கத்து வால்வைக் கழற்றி வாயால் ஊதினார். காற்று போகவில்லை, போகவும் கூடாது. கரிப்பெட்டி வால்வை மச்சினன் ஸ்கேனரிலிருந்தே மூடச் சொன்னான். டக்கென்று மூடிக்கொண்டது. வண்டிக்கு அடியில் படுத்துக் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது.

"மெஷினப் போட்டுடலாம் மாமா" என்றான் மச்சினன்.

"வேணாம்டா. இன்னொரு தடவ மூடியப் பாத்துடறேன்."

"மூடிய மூணு தடவ பாத்தாச்சு."

மச்சினன் புகைக் குழாயை லைனில் மாட்டி, டேங்க் மூடியைத் திறந்து, புகை வந்ததும் மூடினான். மூக்குக்காரர் டார்ச்சை அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே தேடினார். மேலே தேட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, "மாமா, இங்க வாங்க" என்று மச்சினன் கதவைத் திறந்து காட்டினான். பின் சீட்டின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. தங்கை உட்காருகிற இடம்.

சீட்டைத் தூக்கி, கீழிருந்த தகட்டைக் கழற்றினார்கள். டேங்க்குக்குள் இறங்கியிருக்கிற பம்ப்பின் தலையைச் சுற்றி ஒரு பக்கமாகப் புகை வந்தது. பூட்டு வளையத்தைத் திருப்பி எடுத்தால், அடியில் இருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்து, நசுங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.

"இது பழசாச்சே மாமா. பம்ப் மாத்துனப்ப வளையம் மாத்தலையா?"

மாற்றவில்லை. பெட்ரோலில் ஊறிய ரப்பர் வெளியே எடுத்ததும் உப்பிவிடும், திரும்பத் தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்த பாடம். அன்று புதிய பம்ப்போடு வந்த வளையம் அளவு சரியில்லை, மாப்பிள்ளையோ அவசரப்படுத்தினார். பழையதையே கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தார். முன்பும் பல முறை செய்ததுதான். சரியாக உட்காராவிட்டால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்ற தைரியத்தில் செய்தது. அன்றும் மாட்டிவிட்டு அதே பழக்கத்தில் குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தார். இல்லாத மூக்கை நம்பி வேலை செய்கிற முட்டாள் தன்னைத் தவிர உலகத்தில் இருப்பானா என்று நினைத்தார். காது மடல்கள் சுட்டன. மச்சினனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளையும் தங்கையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நேராக டாக்டரிடமிருந்து வருகிறார்கள். அவள் கையில் மருந்துக் கவர் இருந்தது. முகம் கொஞ்சம் ஊதி, பார்வை தூக்கக் கலக்கமாக இருந்தது.

"என்ன மச்சான், கிடைச்சுதா?"

"ரப்பர் போயிருக்கு மாப்பிள்ளை" என்றார் மூக்குக்காரர். "இந்த வாரம்தான் போயிருக்கும்."

மச்சினன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி குனிந்து தகட்டைத் துடைத்தான்.

"அப்பாடா" என்றார் மாப்பிள்ளை. "அப்ப இவ அன்னிக்குச் சொன்னது வேற, இது வேற."

"வேறதாங்க" என்றாள் தங்கை. "இல்லாத வாடைய இருக்குன்னு மூளை சொல்லுமாம். டாக்டரே சொன்னாரு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "இப்ப பஸ்ல வரும்போதுகூட வாடை வர்ற மாதிரி இருந்துச்சுண்ணே. உடனே உன்ன நெனச்சுக்கிட்டேன். அண்ணன் அம்மா மேல சத்தியம் பண்ணிருக்கு, இது என் மண்டை பண்ற வேலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சரியாப் போச்சு. எப்ப வந்தாலும் அப்படித்தான் பண்றேன்."

அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பார். பொய்யைக் கட்டிக் காப்பாற்றியும் இருப்பார். தன் மூக்கை நம்பாமல் இருக்க அவருடைய சத்தியத்தை ஒரு மருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் நினைத்தே பார்க்காதது. கையில் இருந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த வாரம் போகலம்மா. நாலு மாசமாவே இப்படித்தான் இருக்கு. நான் போட்டதுதான் தப்பு. அன்னிக்கு வாடை இருந்துச்சு. நீ சொன்னது அத்தனையும் சரி."

"நீதான் மோந்து பாத்தியே?"

"எனக்கு மூக்கு வேலை செய்யாது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து எதுவும் தெரியாது. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன்."

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றது. மாப்பிள்ளை மச்சினனைப் பார்த்தார். மச்சினன் அவரைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிய செய்திதான். தங்கை மருந்துக் கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூக்கு போனது உனக்கு" என்றாள். "பைத்தியம்னு பேரு எனக்கு."

புதிய வளையம் கடையிலிருந்து வந்தது. பள்ளத்தைத் துடைத்து, வளையத்தை உட்கார வைத்து, பூட்டு வளையத்தின் குறி நேராக வரும்வரை திருப்பினார். குறி நேராக வந்த பிறகும் நம்பாமல் இரண்டு தடவை கழற்றிப் போட்டார். முடித்துவிட்டு, "நீயே ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றார். எப்படியாவது அவளைக் கொஞ்சம் உயர்த்திவிட வேண்டும் என்கிற அற்ப ஆசை. அவள் மச்சினனிடம், "மெஷின்ல போட்டுப் பாருங்க" என்றாள். போட்டார்கள். பத்து நிமிடம் பார்த்தும் எங்கும் புகை இல்லை. பிறகு அவள் அண்ணனைப் பார்த்து, "இப்ப சொன்னத வீட்டுக்கு வந்து என் மாமியார்கிட்டயும் சொல்லு" என்றாள்.

மாமியார் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூக்குக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: வளையம், சான்றிதழ், சத்தியம், செத்த மூக்கு. ஒன்றையும் குறைக்கவில்லை. மாமியார் கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாடா?" என்றார் மகனிடம். "தங்கச்சி பேரைக் காப்பாத்த எம்மாம் பெரிய பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. மூக்கே இல்லைன்னு சொல்றாரு. இப்படி ஒரு அண்ணன் ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்க மாட்டான்."

"இல்லைங்க அத்தை, நிஜமாவே எனக்கு…"

"போதும் தம்பி. ஒங்க மூக்கப் பத்தி ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளையின் முகத்திலும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இப்படி ஒரு கோணம் இருக்கிறதே என்பது மாதிரி அவர் மனைவியைப் பார்த்தார். மூக்குக்காரருக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்களுக்கு உண்மையை நம்பவைக்க முடியவில்லை. அதுவும் அவர் சம்பாதித்த பெயரினால்.

தங்கை சமையலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது ஒரு தட்டின் மேல் துணி மூடியிருந்தது. தோளில் கிடந்த துண்டை அவரிடம் நீட்டினாள்.

"கண்ணக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயது ஆள், தங்கை புகுந்த வீட்டு ஹாலில், விளையாட்டுப் பிள்ளை மாதிரி கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றார். மூக்குக்கு முன்னால் எதுவோ வந்தது.

"என்ன இது?"

இழுத்துப் பார்த்தார். "சோப்பா?"

"காப்பித்தூள். இது?"

"தெரியலம்மா."

"சும்மா ஒண்ணு சொல்லு. எப்பவும் சொல்லுவியே."

"காப்பித்தூள்."

"இவரோட சென்ட்டு பாட்டில்."

மூன்றாவது முறை வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவர் கழுத்தை நீட்டி, உதட்டில் ஏதோ லேசாக உரசும்வரை முன்னால் போய், நன்றாக இழுத்தார். சுற்றிலும் நாற்காலிகள் நகர்கிற சத்தமும் யாரோ ஜன்னலைத் திறக்கிற சத்தமும் கேட்டன. "ஒண்ணும் இல்லையேம்மா. வெறுங்கையைக் காட்டறியா?" என்றார்.

துண்டை அவளே அவிழ்த்தாள். குப்பைக் கூடையிலிருந்து எடுத்த, நேற்று முன்தினம் மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவர் அவர் முகத்துக்கு முன்னால் தொங்கியது. அதன் தண்ணீர் அவர் மீசையில் ஒட்டியிருந்தது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகப் போயிருந்தார். ஜன்னலருகே நின்ற மாப்பிள்ளை குமட்டலுக்கு நடுவே, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது.

மாமியார் முந்தானையை எடுக்காமலே, "அப்ப இவ்ளோ நாளா நீ சொன்னது…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மாமியார் முடிக்கட்டும் என்று தங்கை நின்று பார்த்தாள். பிறகு கவரைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

மூக்குக்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார். இடது கால் செருப்பு வலது காலில் ஏறமாட்டேன் என்றது. அவள் வாசல் வரை வந்தாள்.

"அன்னிக்கு போன்ல தனியாத்தானே கேட்டேன். எனக்கு மட்டும் சொல்லுன்னு. அப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"இப்ப?"

"இப்பவும்தான். செத்துடலாம் போல இருக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இருக்கட்டும்ணே" என்றாள். "எனக்கு நாலு மாசம் அப்படித்தான் இருந்துச்சு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.